உஷார்! மேகத்தைப் பார்க்க ஆளுக்கு 25 ஆயிரம் ரூபாய்

ஐரோப்பா டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். டூர் கம்பெனி கொடுத்த புரோஷரில் சுவிட்சர்லாந்து பக்கத்தைத் திறந்து பாருங்கள். பளீரென்று பனிமலை, அதன் அடியில் சிவப்பு ரயில், மேலே துடைத்து வைத்தது மாதிரி நீல வானம். ‘டாப் ஆஃப் யூரோப்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். யுங்ஃப்ராவ்யோக் என்ற இடம் அது. மொத்தப் பயணத்திலும் ஒரே நாளில் உங்கள் பணத்தை அதிகமாக விழுங்கப் போகிற இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படத்தில் ரயில் நிஜம், மலை நிஜம். நீல வானத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மேலே போய் நின்று எதுவுமே தெரியாவிட்டாலும் பணம் போனது போனதுதான்.

முதலில் எவ்வளவு பணம் என்று பார்ப்போம். கோடை சீசனில் மலையடிவார ஊரான இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் போய்வர முழு டிக்கெட் ஏறத்தாழ 250 சுவிஸ் பிராங்க். ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிப் பல நாள் ஆகிவிட்டது. ஆக, ஆளுக்கு 25 ஆயிரத்துக்குக் குறையாது. கணவன், மனைவி, அப்பா, அம்மா என்று நாலு பெரியவர்கள் போனால் ஒரு லட்சம் ரூபாய். கூட்டம் நெரியும் மாதங்களில் கடைசிக் கட்ட ரயிலில் இருக்கை பதிவுக்குத் தனியாக ஆளுக்கு 10 பிராங்க். மேலே போனால் பசிக்கும். அங்கே ஒரு தட்டு சாப்பாட்டின் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பாதி பேருக்குச் சாப்பாடே இறங்காது. ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரு வருடம் சேர்த்த சேமிப்பு ஒரு பகல் பொழுதில் கரைகிறது. கரைவதில் தப்பில்லை. எதற்காகக் கரைகிறது என்று தெரிந்து கரைய வேண்டும்.

இந்த ரயில் பாதை சாதாரணமானது இல்லை. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அடால்ஃப் குயர்-ஸெல்லர் என்ற ஸூரிக் தொழிலதிபர் கண்ட கனவு அது. மலையைச் சுற்றிப் போக முடியாது என்றால் மலைக்குள்ளேயே போகலாம் என்று முடிவு செய்தார். 1896இல் வேலை தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1899இல், அவர் இறந்துபோனார். பணத் தட்டுப்பாடு, வேலைநிறுத்தம், தொழிலாளர்கள் உயிரைக் குடித்த வெடி விபத்துகள் என எல்லாவற்றையும் தாண்டி, 1912 ஆகஸ்ட் 1ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் தேசிய தினத்தன்று, ரயில் மேலே போய்ச் சேர்ந்தது. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையம்தான் இன்றுவரை ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம். நூறு வருடத்துக்கு முன்னால் பாறையைக் குடைந்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆனால், டிக்கெட் வாங்கும் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளைனெ ஷைடெக் என்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதில் 7 கிலோமீட்டர் சுரங்கம். அதாவது நீங்கள் அதிகப் பணம் கொடுக்கும் அந்தக் கடைசிக் கட்டம் கிட்டத்தட்ட முழுக்க இருட்டு. ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். வழியில் ஐஸ்மேர் என்ற இடத்தில் ஐந்து நிமிடம் வண்டி நிற்கும். பாறையில் வெட்டிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் பனிக்கட்டி ஆற்றை எட்டிப் பார்க்கலாம். பிறகு திரும்பவும் இருட்டு. ‘உலகின் அழகான மலை ரயில் பயணம்’ என்ற எதிர்பார்ப்போடு குழந்தையை ஜன்னலோரம் உட்கார வைத்தவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். ரயில் பயணத்தின் அழகெல்லாம் அதற்குக் கீழே இருக்கிறது. லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து வெங்கன் வழியாகக் கிளைனெ ஷைடெக் வரை ஏறும் பல்சக்கர ரயிலில், புல்வெளியும் மரவீடுகளும் அருவிகளுமாக, திறந்த வெளிச்சத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. புரோஷரில் வருகிற அந்த மூன்று சிகரங்கள், ஐகர், மூன்க், யுங்ஃப்ராவ், தோளோடு தோள் சேர்த்து நிற்கிற அந்தக் காட்சி, மேலே போனால் கிடைக்காது. கிடைக்க வழியே இல்லை. ஏனென்றால் மேலே போனால் நீங்கள் மூன்க்குக்கும் யுங்ஃப்ராவுக்கும் நடுவில் இருக்கும் கணவாயில் நிற்கிறீர்கள். மலையின் முகத்தைப் பார்க்க எதிரில் நிற்க வேண்டும், அதன் தோளில் ஏறி நின்றால் எப்படித் தெரியும்? அந்த முழுத் தோற்றம் கிளைனெ ஷைடெக்கிலும் மென்லிஹெனிலும் மூரெனிலும் கிடைக்கும். அதற்கு ஆகிற செலவு பாதிகூட இல்லை.

அப்படியானால் மேலே என்னதான் இருக்கிறது? தெற்குப் பக்கம் அலெட்ஷ் பனிக்கட்டி ஆறு. ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது, 20 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து இறங்குகிறது. 2001இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. பூமி சூடேறச் சூடேற அந்தப் பனிக்கட்டி ஆறு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே போகிறது. நம் பேரப்பிள்ளைகள் இதே அளவில் பார்க்க மாட்டார்கள். வானம் திறந்திருக்கும் நாளில் 3,571 மீட்டர் உயரத்திலிருக்கும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற மொட்டைமாடியில் நின்று அதைப் பார்ப்பது பெரிய விஷயம். அதைப் பார்க்கக் கிடைத்தவர்கள் யாரும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நான் அதை மனதாரச் சொல்கிறேன். அந்தக் காட்சிக்குத்தான் 250 பிராங்க். மற்றதெல்லாம், 1930களில் மலை வழிகாட்டிகள் இருவர் பனிக்கட்டிக்குள் குடைந்த ஐஸ் அரண்மனை, சாக்லேட் கடை, வாட்ச் கடை, பாலிவுட் பெயரில் இந்தியச் சாப்பாட்டுக் கடை, எல்லாம் மழைநாளில் நேரம் போக்கும் சங்கதிகள். சாக்லேட் கீழே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைக்கும்.

அந்தக் காட்சி மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் தெரியுமா? லிஃப்ட் கதவு திறக்கும். மொட்டைமாடிக்கு வருவீர்கள். கம்பித் தடுப்பு வரை தெரியும். அதற்கு அப்பால் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, மேலும் கீழும் ஒரே வெள்ளை. பனிக்கட்டி ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சுவரில் மாட்டிய விளக்கப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று ஊசியாகக் குத்தும். சேலைக்கு மேல் மெல்லிய ஸ்வெட்டரும் காலில் செருப்புமாக வந்த அம்மாக்கள் இரண்டு நிமிடத்தில் உள்ளே ஓடிவிடுவார்கள். செல்ஃபி எடுத்தால் பின்னால் ஒன்றும் இருக்காது. அங்கே நிற்கிற நம்மூர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரும் வாய்விட்டு ஏமாந்தோம் என்று சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பி வந்தும் சொல்வதில்லை. “ரொம்ப நல்லா இருந்தது, ஒரே பனி” என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்து போகிறவர்களும் உஷாராவதில்லை.

இது எப்போதோ நடக்கிற துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஆல்ப்ஸ் மலையில் வெயில் காலம் என்றால் தினமும் வெயில் என்று அர்த்தமில்லை. ஜூலை, ஆகஸ்டில்கூட காலையில் சுத்தமாக இருக்கும் வானம், மதியத்துக்கு மேல் மேகம் கட்டி, சாயங்காலம் இடி மழையாகக் கொட்டும். நம்மூர்ப் பள்ளி விடுமுறையை ஒட்டிக் கிளம்பும் மே மாதப் பயணங்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கீழே வசந்தம், மேலே நாள் கணக்கில் பனிமூட்டம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேர் ஏறும் இடம் அது. எல்லோருக்கும் வானம் வழிவிடுவதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது, அதுவும் இலவசமாக. மலை உச்சியில் நேரலைக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். ரயில் நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும் இந்த நிமிடம் மேலே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் மலைப்பகுதி ஹோட்டல்களில் டிவியைப் போட்டாலே ஒரு சேனலில் ஒவ்வொரு சிகரமாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் கவுண்டர் பக்கத்திலும் திரை இருக்கும். காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதே அதைப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் உடனே கிளம்புங்கள், முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். வெள்ளையாக இருந்தால் டிக்கெட் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம். உங்கள் ஹோட்டல் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்டர்லாக்கன் 567 மீட்டரில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் மூட்டமாக இருக்கும், அதற்கு மேலே போனால் மேகமெல்லாம் காலடியில் கடல் மாதிரி பரந்திருக்க, தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். நேர்மாறாகவும் நடக்கும். கீழே பளிச்சென்ற வெயில், உச்சியில் மட்டும் மேகம் குல்லா போட்டிருக்கும். ஜன்னல் பொய் சொல்லும். கேமரா சொல்லாது.

இப்போது புரிகிறதா, பேக்கேஜ் டூரில் எங்கே சிக்கல் என்று? சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து, நாலு மாதத்துக்கு முன்னால், இன்ன தேதி காலை இத்தனை மணிக்கு யுங்ஃப்ராவ்யோக் என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு மழையோ புயலோ, பஸ் அங்கேதான் போகும். மறுநாள் காலை பஸ் இத்தாலிக்கோ ஆஸ்திரியாவுக்கோ கிளம்பியாக வேண்டும். கேமராவைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமையை நீங்கள் முன்பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். டூர் மேனேஜரைக் கோபித்துப் பயனில்லை. அவரிடம் குரூப் டிக்கெட் ஏற்கெனவே இருக்கிறது. விதிமுறைத் தாளில் சின்ன எழுத்தில் ‘வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற வரி இருக்கும். ரயில் ஓடினால் அவர்கள் பங்கு முடிந்தது.

சில கம்பெனிகள் இதை ‘ஆப்ஷனல்’ என்று வைத்திருக்கும். அதாவது டிட்லிஸ் மலை பேக்கேஜிலேயே உண்டு, யுங்ஃப்ராவ்யோக் வேண்டுமானால் கூடுதல் பணம். அந்த ‘ஆப்ஷனல்’ என்ற சொல்லைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். உண்மையில் அது உங்களுக்குச் சாதகம். அங்கே போன பிறகு, அன்று காலை கேமராவைப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். முடியாது, இங்கேயே கட்டினால்தான் இடம் என்றால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

ஸூரிக்கிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் ஒரே நாளில் யுங்ஃப்ராவ்யோக் கூட்டிப்போய் வருகிறோம் என்று இணையத்தில் விற்கிறார்கள். இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸூரிக்கிலிருந்து இன்டர்லாக்கனுக்கே ரயிலில் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போகவர எட்டு மணி நேரம் வண்டியில். விடியற்காலைத் தெளிவைக் கோட்டைவிட்டு, மேகம் கூடும் மதிய நேரத்துக்குச் சரியாக மேலே போய்ச் சேர்வீர்கள். இந்த மலை வேண்டுமென்றால் மலையடிவாரத்தில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். இன்டர்லாக்கன், கிரிண்டெல்வால்ட், லௌட்டர்புருன்னன், வெங்கன், எதுவானாலும் சரி. இரண்டு மூன்று காலைகள் கையில் இருந்தால் அதில் ஒன்றாவது திறக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியும்.

அடுத்த உஷார், பாஸ் விஷயத்தில். சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கிவிட்டோம், இனி எல்லா ரயிலும் இலவசம் என்று நிம்மதியாக வருகிறவர்கள் கவுண்டரில் அதிர்ந்து நிற்கிறார்கள். அந்தப் பாஸ் கிரிண்டெல்வால்ட் வரை செல்லும், அல்லது வெங்கன் வரை செல்லும். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டும்தான். தள்ளுபடி போகவும் கோடையில் ஆளுக்கு 150 பிராங்குக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ் என்று பெயரிலேயே மலையை வைத்திருக்கும் வட்டாரப் பாஸும் உச்சிக்குக் கீழே இருக்கும் ஐகர்கிளெட்ஷர் நிலையத்தோடு நின்றுவிடும். உச்சிக்குப் போகத் தனியாகக் கட்ட வேண்டும். பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு அங்கே போய்ச் சண்டை போட்டால் ஒன்றும் நடக்காது.

ஹாஃப் ஃபேர் கார்டு என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு மாதத்துக்குச் செல்லும், உச்சி வரை பாதிக் கட்டணம். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டின் விலை 150 பிராங்க் அளவில் வந்துவிட்டது. 250இல் பாதி 125. கார்டோடு சேர்த்தால் 275. யுங்ஃப்ராவ்யோக் ஒன்றுக்காக மட்டும் கார்டு வாங்கினால் கை நஷ்டம். ஸூரிக்கிலிருந்து இன்டர்லாக்கன் வந்து திரும்ப, லூசெர்ன் பார்க்க, இன்னொரு மலை ஏற என்று நாலு இடம் சுற்றுவதாக இருந்தால்தான் லாபம். அப்படிச் சுற்றுகிறவர்களுக்கு சுவிஸ் டிராவல் பாஸைவிட இதுவே மலிவாக முடிவதும் உண்டு. உங்கள் பயணத் திட்டத்தைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு டிக்கெட் விலையையும் பக்கத்தில் போட்டுக் கூட்டிப் பாருங்கள். 6 வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு வரும்போது பெரிய சலுகை உண்டு. டூர் கம்பெனி பிள்ளைகளுக்கு எவ்வளவு வாங்குகிறது என்று இதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பெர்னிலோ ஸூரிக்கிலோ உங்களுக்கு அண்ணனோ மச்சானோ இருந்தால் ஏஜென்டை நம்பி ஓட வேண்டாம். ஒரு போன் போடுங்கள். காலையில் கேமராவைப் பார்த்து “இன்றைக்கு வாங்கோ” என்று சொல்ல ஆள் இருப்பது எந்த பேக்கேஜையும்விடப் பெரிது. அவர்களிடம் இருக்கும் வருடாந்தரப் பாஸும் உச்சி வரை செல்லாது, அவர்களும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். விருந்தினருக்காக அவர்கள் சொல்லாமல் செலவழித்துவிடுவார்கள்.

பணத்தைவிடப் பெரிய உஷார் ஒன்று இருக்கிறது. உடம்பு. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். யுங்ஃப்ராவ்யோக் அதற்கும் மேலே 800 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடிகூட யுங்ஃப்ராவ்யோக்கைவிட மிகக் கீழேதான் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். லடாக் போகிறவர்களை லே நகரில் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார்கள். கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு இங்கே இரண்டு மணி நேரத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். 2020இல் ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற புதிய கேபிள் கார் வந்த பிறகு, கிரிண்டெல்வால்டிலிருந்து ஐகர்கிளெட்ஷருக்கு 15 நிமிடம்தான். பயணம் சுகமாகிவிட்டது. உடம்பு பழகுவதற்குக் கிடைத்த நேரம்தான் குறைந்துவிட்டது.

பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைவலி, கிறுகிறுப்பு, படி ஏறினால் மூச்சிரைப்பு, அவ்வளவோடு போய்விடும். இதய நோய், ஸ்டென்ட் வைத்தவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ஆஸ்துமா, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஊரிலேயே தங்கள் டாக்டரிடம் “3,450 மீட்டருக்கு ஒரே மூச்சில் ஏறப் போகிறேன்” என்று உயரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘சுவிட்சர்லாந்து போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் டாக்டர் சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்றுதான் சொல்வார். அப்பா அம்மாவுக்கு ஆசையோடு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளே, இதில் கூச்சம் வேண்டாம். பெரியவர்கள் பிள்ளையின் பணம் வீணாகக் கூடாதே என்று நெஞ்சு படபடப்பதை மறைத்துக்கொண்டு நடப்பார்கள். மேலே போனதும் முகத்தைப் பாருங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ அடுத்த ரயிலில் இறக்கிவிடுங்கள். இறங்குவதுதான் வைத்தியம். காபி குடித்து, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நேரம் கடத்தாதீர்கள்.

மேலே இறங்கியதும் மெதுவாக நடங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஐஸ் அரண்மனையில் தரையே பனிக்கட்டி, பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் உள்ளே போக வேண்டாம். கூலிங் கிளாஸ் அலங்காரத்துக்கு இல்லை, பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூச வைக்கும், தோலைக் கருக்கும். வெளியே பனி மேட்டில் கொடியோ கயிறோ கட்டி வைத்த பாதையைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. மேலே பஞ்சு மெத்தை மாதிரி தெரியும் பனிக்கு அடியில் ஆழமான பிளவுகள் இருக்கும். போட்டோ எடுக்கப் பின்னால் நகரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, மேகம் விலகவே இல்லை, அல்லது டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார், அல்லது அவ்வளவு பணம் செலவழிக்க மனசு ஒப்பவில்லை. அப்போது என்ன செய்வது? அந்த வட்டாரத்தில் மலைக்குப் பஞ்சமா! என் கருத்தில் முதலிடம் மென்லிஹெனுக்கு. வெங்கனிலிருந்தோ கிரிண்டெல்வால்ட் பக்கமிருந்தோ கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து கிளைனெ ஷைடெக் வரை நடந்து வாருங்கள். ஒன்றரை மணி நேர நடை, பெரும்பாலும் லேசான இறக்கம், அகலமான பாதை. கோடையில் வழிநெடுக புல்வெளிப் பூக்கள், மாடுகளின் கழுத்து மணிச்சத்தம், எதிரே ஐகரும் மூன்க்கும் யுங்ஃப்ராவும் சுவர் வைத்தது போல் கூடவே வரும். புரோஷரில் பார்த்த படம் இதுதான். யுங்ஃப்ராவ்யோக் செலவில் சிறு பங்குதான் ஆகும். 1893இல் இருந்து ஓடும் ஷீனிகெ பிளாட்டெ பல்சக்கர ரயில் இன்னொன்று, எதிர்ப்பக்கமிருந்து மூன்று சிகரத்தையும் காட்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மூரென் கிராமம். கார் நுழையாத ஊர், சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் அங்கே வரை தனிச் செலவே கிடையாது. மழை நாளா? லௌட்டர்புருன்னன் போங்கள். 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவி மழையில் இன்னும் கொழிக்கும். மலைக்கு உள்ளேயே விழும் ட்ரூமெல்பாக் அருவிக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை.

லூசெர்ன் பக்கம் இருப்பவர்களுக்கு ரிகி மலை. டிராவல் பாஸ் இருந்தால் உச்சி வரை ஒரு காசு வேண்டாம். ஸெர்மாட் போகிறவர்களுக்கு 3,089 மீட்டரில் கோர்னர்கிராட். அந்த ரயில் பெரும்பகுதி திறந்த வெளியில் ஏறுகிறது, மேட்டர்ஹார்ன் சிகரம் ஜன்னலோடு கூடவே வரும், டிராவல் பாஸுக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக்கா, கோர்னர்கிராட்டா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ரயில் பயணத்தின் அழகுக்கு கோர்னர்கிராட், பனிக்கட்டி ஆற்றின் பிரமாண்டத்துக்கு யுங்ஃப்ராவ்யோக். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

யுங்ஃப்ராவ்யோக் போகவே கூடாது என்கிறேனா? இல்லை. கேமராவில் காலை எட்டு மணிக்கு அலெட்ஷ் பனி ஆறு வெயிலில் மின்னுகிறதா, உடம்பு ஒத்துழைக்கிறதா, இந்தப் பணம் போனாலும் வீட்டில் வேறு எதுவும் நின்றுவிடாது என்ற நிலை இருக்கிறதா, போய்விட்டு வாருங்கள். வாழ்நாளுக்கும் மறக்காது. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் இன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் செய்யுங்கள். யுங்ஃப்ராவ்யோக் பேக்கேஜுக்குள்ளேயே இருக்கிறதா, தனியா? அன்று உச்சி மூடியிருந்தால் அடுத்த நாளுக்கு மாற்றித் தருவார்களா? ரயிலே ஓடாவிட்டால் அந்தப் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில்? உடம்பு முடியாதவர் கீழேயே தங்கிவிட்டால் அவர் பங்கு கழிக்கப்படுமா? மேலே முழுதாக எத்தனை மணி நேரம் தருவார்கள்? வாய்ப் பேச்சில் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று சொன்னால் விடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் மிச்சப் பணத்தைக் கட்டாதீர்கள்.